புசுபுசுன்னு ஒரு நாய் வேணுமாம்

வாலே பேராண்டி, உக்காரு. நாய் வாங்கப் போறியாமே? அதுவும் சும்மா நாய் இல்லையாம், உன் வாழ்க்கை முறைக்கு ஏத்த நாயாம். போன்ல என்னமோ பரீட்சை எழுதுனியாம். அது வரிசையாக் கேள்வி கேட்டுட்டு, உங்களுக்குப் பொருத்தம் சைபீரியன் ஹஸ்கின்னு சொல்லிருச்சாம். நீயும் நம்பிட்ட.

எங்க, என்ன எழுதுனன்னு காட்டு பாப்போம். தெனமும் எவ்வளவு நேரம் உடற்பயிற்சி? ஒரு மணி நேரம்னு போட்டிருக்க. யாருலே, நீயா? உன் கையில கெடக்குற கடிகாரமே "கொஞ்சம் எந்திரிச்சு நில்லு"ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கெடக்கு. காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப? அஞ்சரைக்காம். திருச்செந்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஒருநாள் எந்திரிச்சிருப்ப, அதைக் கணக்குல சேக்காத. மலை ஏறுறது பிடிக்குமா? ரொம்பப் பிடிக்குமாம். குத்தாலத்துல எண்ணெய் தேச்சுவிட ஆள் தேடி நடந்தியே, அதைத்தான் சொல்லுதியா?

நீ எழுதுனது பூராம் நீ ஆகணும்னு நெனைக்கிற ஆளைப் பத்தி. அந்த ஆளுக்கு அந்த நாய் பொருந்தும். ஆனா காலையில சங்கிலியைப் பிடிக்கப் போறது அவன் இல்லையே, நீயில்லா? ஐப்பசி மழை கொட்டுற திங்கக்கிழமை, ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை முடிச்சுப் படுத்திருக்க. ஆறு மணிக்கு நாய் வந்து போர்வையை இழுக்குது. அப்ப என்ன செய்வியோ அதை எழுது. அதுதாம்லே உன் வாழ்க்கை முறை.

இன்னொண்ணு. நாய் வாங்குறவன் மூஞ்சியைப் பாக்கக் கூடாது. அதோட தாத்தன் என்ன சோலி பாத்தான்னு கேக்கணும். ஒவ்வொரு சாதி நாயையும் எவனோ ஒருத்தன் ஏதோ ஒரு சோலிக்காகப் பாத்துப் பாத்துச் சேத்து வளத்திருக்கான். கால் ஏன் நீளம், முடி ஏன் அடர்த்தி, காது ஏன் தொங்குது, எல்லாத்துக்கும் பின்னால ஒரு சோலி நிக்கும். நீ நாயை மட்டும் தூக்கிட்டுச் சோலியைக் கடையிலயே விட்டுட்டு வந்துரலாம்னு பாக்க. நடக்காது. நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்லன்னு கேலியாச் சொல்லுவோம்லா? வேலை இல்லாததுனாலதாம்லே நிக்க நேரமில்ல. சோபாவைப் பிரிச்சு உள்ள என்ன இருக்குன்னு பாக்கும். செருப்புல ஒத்தையை மட்டும் தின்னுட்டு மத்ததை உனக்கு விட்டு வைக்கும்.

சரி, அந்த ஹஸ்கியையே எடுத்துக்கோ. சைபீரியாவுக்கு வடகிழக்கு மூலையில சுக்சின்னு ஒரு சனம். அவுக பனியில வண்டி இழுக்க வளத்த நாய். உள்முடி, வெளிமுடின்னு ரெண்டு அடுக்கு. வாலைத் தூக்கி மூக்கு மேல போட்டுக்கிட்டுப் பனிக்குள்ளயே சுருண்டு தூங்கும். 1925-ல அலாஸ்காவுல நோம்ங்கிற ஊருல புள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் பரவிச்சு. கடல் உறைஞ்சு போச்சு, கப்பல் வராது. அந்தக் குளிர்ல விமானத்தை நம்பவும் வழியில்ல. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல நாய்களே வண்டி இழுத்து, ஆள் மாத்தி ஆள், நாய் மாத்தி நாய், அஞ்சரை நாள்ல மருந்தைக் கொண்டுபோய்ச் சேத்துச்சு. அதுல ரொம்பத் தூரமும் ரொம்ப ஆபத்தான வழியும் டோகோங்கிற நாய்க்கு. கடைசித் துண்டை ஓடி ஊருக்குள்ள நுழைஞ்சது பால்டோ. நியூயார்க்குப் பூங்காவுல மொதல்ல செலை வச்சது யாருக்கு? பால்டோவுக்கு. ஒழைக்கிறது ஒருத்தன், மாலை வாங்குறது ஒருத்தன். அந்த ஊரும் நம்ம ஊருதான் போல.

அப்பேர்ப்பட்ட நாயைச் சோழிங்கநல்லூர்ல பதினோராவது மாடிக்குக் கொண்டாந்து லிப்டுக்கு நிக்க வைக்கப் போற. நாய்க்கு ஒடம்பு பூராம் வேர்க்காதுலே. பாதத்துல கொஞ்சம் வேர்க்கும். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு எளைச்சு எளைச்சுத்தான் சூட்டை எறக்கணும். அக்கினி நட்சத்திரத்துல அது எவ்வளவுதான் எளைக்கும்? ஏ.சி. போட்டுவிட்டுட்டுப் போவேங்க. சரி, நீ ஆபீசுல இருக்கையில கரண்டு போச்சுன்னா? முடியை மழிச்சு விட்டுருவேங்க. அந்த முடி குளிருக்கு மட்டும் இல்ல, வெயிலுக்கும் மறைப்பு. மழிச்சா வெயில் நேரே தோல்ல அடிக்கும். அதுபோக வருசத்துக்கு ரெண்டு வாட்டி கொத்துக் கொத்தாக் கொட்டும். சாம்பார்ல முடி கெடந்தா இனிமே உன் பொண்டாட்டியைக் குத்தம் சொல்ல முடியாது, பாத்துக்கோ.

இந்தக் கூத்தெல்லாம் புதுசா என்ன? முந்தி எல்லா வீட்டுலயும் வெள்ளையாப் புசுபுசுன்னு ஒண்ணு நிக்கும். பொமரேனியன்னு பெருமை பேசுவாக. பெரும்பாலும் அது இந்தியன் ஸ்பிட்ஸ். 1994-ல ஒரு இந்திப் படத்துல கூட கிரிக்கெட்டுக்கு அம்பயரா நின்னுச்சு. அது பரவாயில்ல, நம்ம ஊருச் சோத்துக்கும் சூட்டுக்கும் பழகிருச்சு. வாய்தான் கொஞ்சம் நீளம். பெறகு 2003-ல செல்போன் விளம்பரம் ஒண்ணு. ஒரு பொடியன் எங்க போனாலும் ஒரு குட்டி நாய் பின்னாலயே போவும். அவ்வளவுதான், தெருவுக்கு ரெண்டு ஹட்ச் நாய். பக்னு சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, ஹட்ச் நாய்னா எல்லாருக்கும் தெரியும்.

அந்தப் பக்கு, சீனாவுல அரமணையில இருக்கவுக மடியில உக்காரதுக்குன்னு வளத்த நாய். அதோட சோலியே உக்காரதுதான். அதுல உனக்கும் அதுக்கும் நல்ல பொருத்தம். ஆனா மூஞ்சி சப்பையா இருந்தாத்தான் அழகுன்னு தலைமுறை தலைமுறையா மூக்கை உள்ள தள்ளிட்டாக. மூச்சுப் போக வழியில்ல. மூச்சு வாங்கித்தானே நாய் சூட்டை எறக்கணும்? இதுக்கு அந்த வாசலையே அடைச்சு வச்சிருக்கு. வெயில்ல நாலு தெரு நடந்தா மயங்கி விழும். பல விமானக் கம்பெனிக்காரன் சப்பை மூக்கு நாயை ஏத்தவே மாட்டேங்கான். ஒங்காளுக அது கொறட்டை விடுதுன்னு வீடியோ எடுத்து, சிரிக்கிற பொம்மை போட்டு அனுப்புதிய. ஏலே, அது மூச்சுக்குத் தவிக்குது. அதுல சிரிக்க என்ன இருக்கு?

லாப்ரடார் வாங்கலாமான்னு கேக்க. நல்ல நாய். கொழந்தையோட கெடக்கும், வந்தவனையெல்லாம் வரவேற்கும். திருடன் வந்தா பீரோ எங்க இருக்குன்னு காட்டும். கனடாப் பக்கம் நியூபவுண்ட்லாந்துத் தீவுல மீன்பிடிச்சவுக கூட நின்ன நாய்ங்க வம்சம். ஐஸ் தண்ணியில குதிச்சு வலையையும் நழுவுன மீனையும் இழுத்துட்டு வரணும். விரலுக்கு நடுவுல சவ்வே உண்டு. நீ பாத்ரூம்ல ஒரு வாளித் தண்ணி காட்டுவ. அது கூடப் பரவாயில்ல. அதுக்கு வயித்துல ஒரு கோளாறு இருக்கு. வயித்துலன்னு சொல்லப்படாது, மூளையில. 2016-ல கேம்பிரிட்ஜுல ஆராய்ஞ்சு பாத்து, ஏறக்கொறைய நாலு லாப்ரடார்ல ஒண்ணுக்கு, பசி அடங்கிருச்சுன்னு சேதி சொல்லுற மரபணுவுல ஒரு துண்டு காணோம்னு கண்டுபிடிச்சிருக்காக. தின்னாலும் தின்ன நெனைப்பே அதுக்கு வராது. கண்ணை உருட்டிக்கிட்டு முன்னால வந்து உக்காரும். உன் வீட்டுல ஆச்சி இருக்காளா? இருந்தா முடிஞ்சுது. உனக்கு ரெண்டு தோசை, அதுக்கு மூணு. ரெண்டு வருசத்துல அது நடக்காது, உருளும்.

அல்சேஷனைப் பத்தி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்ல. செர்மனியில ஆட்டு மந்தை காத்த நாய், இப்ப போலீசுல உத்தியோகம். புத்தி சாஸ்தி. புத்தி சாஸ்தியா இருக்குறதை வேலை குடுக்காமக் கட்டிப் போட்டா என்ன ஆகும்? உன் ஆபீசுலயே பாத்திருப்பியே.

ராட்வீலரு, பிட்புல்லுன்னு கேக்குறவன் ஒருத்தன் இருக்கான். அவனுக்கு நாய் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் பயப்படணும், அவ்வளவுதான். 2024 மார்ச்சுல மத்திய அரசு 23 சாதி நாய்களைத் தடுக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுத்தறிக்கை விட்டுச்சு. அடுத்த மாசமே கர்நாடகா ஐகோர்ட்டு அதை ரத்துப் பண்ணிருச்சு. சட்டம் வரும், போவும். கடிச்ச எடத்துத் தழும்பு போவாதுலா? ராட்வீலர் செர்மனியில மாடு பத்துன நாய், கறிக்கடைக்காரனுக்கு வண்டி இழுத்த நாய். அது இழுத்தா நீ நிப்பியா? யாரு யாரைக் கூட்டிட்டு நடக்கான்னு தெருவே பந்தயம் கட்டும்.

"தாத்தா, நான் நாட்டு நாய்தான் வளப்பேன்"னு இப்ப மீசையை முறுக்குத. அதைச் சொல்லு! 2017-ல மெரினாவுல காளைக்காக நின்னீய. 2020-ல பிரதமர் ரேடியோவுல முதோல், ராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பைன்னு பேர் பேராச் சொன்னாரு. அன்னைக்கு இருந்து எல்லாவனுக்கும் மண்ணு மேல பாசம். 2005-லயே தபால்காரக தலை அடிச்சு வெளியிட்டாக, ராசபாளையம் நாய் படம் போட்டு. அன்னைக்கு அந்தத் தலையை ஒட்டிக் கடுதாசி போட்டவன் வீட்டுல அல்சேஷன்தான் கட்டிக் கெடந்துச்சு.

பாசம் நல்லதுதான். அதுக்காகச் சோலி மாறிருமா? ராசபாளையம் நாய் பாலு வெள்ளை, ரோஸ் மூக்கு, பொன் நெறக் கண்ணு. அழகுன்னா அழகு. ஆனா அது பன்னி வெரட்டுன நாய், தோப்புக் காவலு. வீட்டாளைத் தவிர ஒருத்தனை அண்ட விடாது. உன் வீட்டு வாசலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாரான்? சோத்துப் பொட்டலம் கொண்டாரவன், தண்ணி கேன் போடுறவன், பால் பாக்கெட்டு, அட்டைப்பெட்டி கொண்டாரவன், அவன் கொண்டாந்தது சரியில்லன்னு திருப்பி எடுத்துட்டுப் போறவன். நாய் அதோட கடமையைச் செஞ்சுருச்சுன்னா கேசு உன் மேலதான்.

வாங்கியே தீருவேன்னா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. அந்த வெள்ளைக் குட்டிகள்ல சிலது செவிடாப் பொறக்கும். ஈத்துல எல்லாக் குட்டியும் சேந்து கெடக்கையில கையைத் தட்டிப் பாக்காத. ஒண்ணு திரும்புனா எல்லாம் திரும்பும், செவிடும் திரும்பும். குட்டியைத் தனியாத் தூக்கி வச்சு, அது பாக்காத பக்கம் நின்னு தட்டு. விக்கிறவன் மொறைப்பான். மொறைக்கட்டும்.

சிப்பிப்பாறை எங்க கரிசக்காட்டுச் சரக்கு. ஒட்டுன வயிறு, கூர் மூஞ்சி, நெட்டைக் காலு. முயலுக்குப் பின்னால ஓட வளத்தது. மோப்பத்தை விடக் கண்ணை நம்புற நாய் அது. தூரத்துல என்னமோ ஓடுதுன்னு கண்டுச்சுன்னா, நீ கூப்புடுறது அதுக்குக் கேக்காது. இப்ப முயல் வேட்டைக்குச் சட்டத்துல எடமில்ல. முயல் இல்லைன்னா ஸ்கூட்டரு. அதைச் சங்கிலி இல்லாம ஓட விட வேலி போட்ட எடம் இருக்கா உங்கிட்ட? கார் நிறுத்தவே குலுக்கல் போடுதிய. பெறகு இன்னொரு தொந்தரவு. அதுக்கு விலா எலும்பு எட்டிப் பாக்கதுதான் லட்சணம். உங்க மாடியில இருக்க அம்மாக்கள் அதைப் பாத்துட்டு, "பாவம், சோறே போடுறதில்ல போல"ன்னு குரூப்புல எழுதுவாக. நீ ஒவ்வொருத்தருக்கா வெளக்கம் சொல்லிக்கிட்டுத் திரி. கன்னியும் ஏறக்கொறைய அதே வார்ப்புதான், கருப்பு ஒடம்பு, கண்ணுக்கு மேல செவலைப் பொட்டு. தேனிப் பக்கத்துக் கோம்பை, செவலை ஒடம்பு, கரு மூஞ்சி, தோட்டத்துக்கு ராசா. தோட்டம் இருந்தா.

எந்த நாயானாலும் வாங்குற எடத்துல ஒரு காயிதம் காட்டுவான். கென்னல் கிளப் ஆப் இந்தியா சான்று. அந்தச் சங்கத்துக்குத் தலைமையிடமே உங்க சென்னைதான். அதுல நாயோட அப்பன், தாத்தன், பூட்டன் பேரு பூராம் இருக்கும். கல்யாணத்துக்குச் சாதகம் பாக்க மாதிரி விரலை வச்சு வச்சுப் படிப்பீய. உன் பூட்டன் பேரு உனக்குத் தெரியுமாலே? அது கெடக்கட்டும். காயிதம் பாரு, வேண்டாங்கல. அதோட நிறுத்தாத. தாயைக் காட்டச் சொல்லு. தாய் எலும்பும் தோலுமா ஒரு கூண்டுல கெடந்தா, இல்ல, "தாய் வேற ஊருல இருக்கு சார்"னு சொன்னா, செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பு. எட்டு வாரமாவது குட்டி தாய்கூடக் கெடக்கணும். கூடப் பொறந்ததுகளோட கடிச்சு வெளையாடித்தான் எவ்வளவு கடிச்சா வலிக்கும்னு அது படிக்கும். முப்பது நாள்ல பிரிச்சு வித்தா, அந்தப் பாடத்தை உன் கணுக்கால்ல படிக்கும்.

இம்புட்டையும் பாத்த நீ, ஒண்ணை மட்டும் பாக்கலையே. இது எத்தனை வருசத்துச் சங்கதி? பெருசாப் பெருசா வளர்ற கிரேட் டேன் வகையறா எட்டு, ஒம்பதுல முடிஞ்சிரும். மத்ததெல்லாம் பத்துல இருந்து பதினாலு. உனக்கு இப்ப இருபத்தேழு. பன்னெண்டு வருசத்துல வேலை மாறுவ, பெங்களூரு போவ, பிள்ளை பொறக்கும், ஆன்சைட்டுக்குக் கூப்பிடுவான். அன்னைக்கு நாய் எங்க? "ஊருல தாத்தா கிட்ட விட்டுருவேன்"னு மனசுக்குள்ள ஒரு ஓரத்துல வச்சிருக்கதானே? மூஞ்சி சொல்லுதே. நாயை நான் பாத்துக்கிடுதேன், நீ அங்க எனக்குப் பதிலா மாத்திரை தின்னுவியா?

வீட்டுச் சொந்தக்காரன் சம்மதிச்சானா? அதுவாவது கேட்டியா? அதையும் கேக்கல. நாய்க்குப் படுக்கை மட்டும் வாங்கிட்ட. சட்டை வாங்கிட்ட, மழைக்கோட்டு வாங்கிட்ட. பொறந்தநாளுக்குக் கேக்கு எங்க கெடைக்கும்னு விசாரிச்சுட்டியாம். எந்தக் கேக்கு வேணும்னாலும் வெட்டு, சாக்லேட்டுக் கேக்கு வேண்டாம். சாக்லேட்டு நாய்க்கு வெசம். திராட்சையும் ஆகாது, வெங்காயமும் ஆகாது. மிஞ்சுன பிரியாணியை வச்சுட்டு, "ஆசையாத் தின்னுச்சு தாத்தா"ன்னு எங்கிட்ட வந்து சொல்லாத.

உனக்கு என்னதான் பொருந்தும்னு கேட்டா, எம்மனசுல இருக்குறதைச் சொல்லிருதேன். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயி, பத்து மணி நேரம் வீடு பூட்டிக் கெடக்கும்னா எந்த நாயும் வேண்டாம். டீக்கடை வாசல்ல ஒண்ணு படுத்திருக்கும்லா, அதுக்குத் தெனமும் ஒரு பொறை வாங்கிப் போடு. அது ஒன்னைக் கண்டு வாலாட்டுறதுக்குக் காயிதம் எதுவும் கேக்காது. யாராவது ஒருத்தர் வீட்டுல இருப்பாகன்னா, வளந்த நாட்டு நாயா ஒண்ணை எடு. சாதிப் பேர் இல்லாத, தெருவுல பொறந்த நாய். வேளச்சேரிப் பக்கம் புளூ கிராஸ்ல எத்தனையோ கெடக்கு, காசு குடுத்து வாங்க வேண்டாம். குட்டின்னா எப்படி வளரும்னு தெரியாது. வளந்ததுன்னா ஒசரம், குணம், வாய் நீளம் எல்லாத்தையும் கண்ணால பாத்துத் தெரிஞ்சுக்கிடலாம். நடு ஒசரம், கட்டை முடி, நம்ம வெயிலு அதுக்குச் சொந்த ஊரு. எவனும் அதை அழகுக்காக வளக்காததுனால மூக்கு மூக்கா இருக்கு, இடுப்பு இடுப்பா இருக்கு. மொத கொஞ்ச நாளு மேசைக்கு அடியில ஒளியும், நம்பாது. விட்டுப் பிடி. "இது என்ன பிரீடு?"ன்னு லிப்டுல ஒருத்தன் கேப்பான். மெட்ராஸ் ஹவுண்டுன்னு சொல்லு. அவனும் போயி விலை விசாரிக்கட்டும்.

எடுத்த ஒடனே மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. உங்க ஊருல பெட் கிளினிக்னு பேரு, எனக்கு எல்லாம் மாட்டாஸ்பத்திரிதான். வெறிநாய்க்கடி ஊசி போடு. குட்டின்னா மூணு மாசத்துல மொத ஊசி, பெறகு டாக்டர் சொல்லுற தேதிக்கு வருசா வருசம். குடல் பூச்சிக்கு மருந்து குடு, உண்ணி பாரு, மாநகராட்சி லைசென்சு எடு. போட்ட ஊசிக்குச் சீட்டு தருவான், அதை ரேசன் கார்டு கூட வை. நடக்கப் போகையில கையில ஒரு பை கொண்டுபோ. அது என்னத்துக்குன்னு கேக்காத, அடுத்தவன் வாசல்ல நீ கால் வச்சாத் தெரியும்.

பேர் என்ன வைக்கப் போற? மார்வெல்லாம், லியோனார்டோவாம். கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள அது ரோட்டைத் தாண்டிரும்லே. சின்னதா, நறுக்குன்னு வை. மணின்னு வையேன், ராசியான பேரு. ஆனா பொங்கலுக்கு ஊருக்குக் கூட்டிட்டு வந்தா, கடைத்தெருவுல வச்சு அதைப் பேர் சொல்லிக் கூப்புட்டுராத. அங்க அந்தப் பேருல மூணு நாயும் ஒரு பழைய பிரசிடெண்டும் இருக்காக. நாய்க மூணும் வந்தாப் பொறையைப் போட்டு அனுப்பிரலாம். அவரு வந்துட்டா, மத்தியானம் வரைக்கும் பேசுவாரு.